கீப் என்ற வினைச்சொல்

மார்ச் 4, திங்கள்

இங்கிலீஷ் வகுப்பில் பிரிசில்லா மிஸ் இன்றைக்கு எல்லோரையும் ஒரு நோட்டு வாங்கச் சொல்லிவிட்டார். தினமும் ஐந்து வரி இங்கிலீஷில் எழுத வேண்டுமாம். டைரி எழுதுவதை இங்கிலீஷில் டைரி 'கீப்' பண்ணுவது என்பார்களாம். நான் உட்கார்ந்து இரண்டு வரி எழுதினேன். 'ஐ கோ டு ஸ்கூல். ஐ வாஷ் தி சில்ட்ரன்.' அதற்கு மேல் ஓடவில்லை. அதனால் மிஸ்ஸுக்குக் காட்ட ஒரு நோட்டு, எனக்கென்று இந்த நோட்டு. இதில் தமிழில்தான் எழுதப்போகிறேன்.

நான் உறையூரில் ஒரு மழலையர் பள்ளியில் ஏழு வருடமாக ஆயா. ஜூன் மாதம் ஸ்ரீரங்கத்தில் கிளை திறக்கிறார்கள். பிள்ளைகளிடம் நாலு வார்த்தை இங்கிலீஷ் பேச வந்துவிட்டால் அங்கே உதவி ஆசிரியையாகப் போடுகிறேன் என்று கலாவதி மேடம் சொல்லியிருக்கிறார். நாற்பத்து நாலு வயதில் அம்சவேணி ஆயா, அம்சவேணி மிஸ் ஆவதென்றால் சும்மாவா. அதற்காகத்தான் வாரத்தில் இரண்டு சாயங்காலம் ஜெராக்ஸ் கடை மாடியில் கல்லூரிப் பெண்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

மிஸ் ஒரு மாதத்துக்கு ஒரு வினைச்சொல்லை எடுத்துக்கொண்டு அதைப் பிழிந்து சாறெடுத்துவிடுகிறார். போன மாதம் 'கெட்'. இந்த மாதம் 'கீப்'.

மார்ச் 5, செவ்வாய்

அவர் வருகிற நாள். வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு வைத்து, அப்பளம் பொரித்து மூடி வைத்தேன். மூன்று மணிக்கு போன். அந்த அக்காவுக்கு மறுபடியும் நெஞ்சுவலி, டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறாராம்.

அவர் என்றால் சிதம்பரநாதன். லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறார். இருபத்தேழு வயதில் அங்கே பில் எழுதப் போனேன். அம்மா செத்து நாலு மாதம் ஆகியிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, கூட்டமில்லாத கோயிலில், எனக்கு மஞ்சள் கயிறு கட்டினார். பதினேழு வருடமாகச் செவ்வாயும் வெள்ளியும் மதியம் வந்து சாயங்காலம் போய்விடுவார்.

அந்த அக்கா அவருடைய மூத்த மனைவி, பெயர் தெய்வநாயகி. அவருக்கு இதயத்தில் ஓட்டை. எங்கள் விஷயம் காதில் விழுந்தால் அந்த நிமிஷமே உயிர் போய்விடும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறாராம். அதனால்தான் வெளியே சொல்ல முடியவில்லை. மற்றபடி அவர் வார்த்தை மாறுகிற ஆள் இல்லை. விளக்கேற்றும்போது அந்த அக்காவுக்கும் சேர்த்துத்தான் வேண்டிக்கொள்கிறேன்.

குழம்பை நானே சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 6, புதன்

எங்கள் பள்ளியில் டீச்சர்கள் 'கீப் யுவர் பேக் தேர்' என்பது தப்பாம். பையை அங்கே வை என்பதற்கு 'புட்' என்றுதான் சொல்ல வேண்டுமாம். தமிழில் இரண்டுக்கும் 'வை' என்று ஒரே வார்த்தை இருப்பதால் நாம் எல்லோரும் இங்கேதான் சறுக்குகிறோம் என்றார் மிஸ். அப்போதைக்கு ஓரிடத்தில் வைத்தால் புட். நம்முடையதாக, நிலையாக வைத்துக்கொண்டால் கீப்.

வழியெல்லாம் இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். "உன்னை வச்சுக் காப்பாத்துவேன் வேணி" என்று அவர் சொன்னாரே, அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது. கீப் என்றுதான் போட வேண்டும்.

மார்ச் 8, வெள்ளி

வந்தார். வகுப்புக்குப் போவதைச் சொன்னேன். ரொம்பச் சிரித்தார். உனக்கெதற்கு இங்கிலீஷ், மூக்கு துடைக்கிறதுக்கு எந்தப் பாஷை பேசினால் என்ன என்றார். தமாஷாகத்தான் சொன்னார். வலது கை மரத்துப் போகிற மாதிரி இருக்கிறது என்று நீட்டினார். தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டேன். தூங்கிப் போய்விட்டார். ஐந்து மணிக்கு எழுப்பி அனுப்பினேன்.

மார்ச் 13, புதன்

கீப் வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதி வரச் சொல்லியிருந்தார். நான் எழுதியது: 'ஹி கீப்ஸ் மீ வெயிட்டிங்.' மிஸ் சத்தமாக வாசித்துக் காட்டி, இலக்கணம் ரொம்பச் சரி, இதுதான் இயல்பான இங்கிலீஷ் என்று பாராட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்தில் இருந்த பெண் யார் ஆன்ட்டி அந்த ஹி என்று கேட்டாள். பஸ் டிரைவர் என்றேன்.

மார்ச் 20, புதன்

கீப் எ ப்ராமிஸ், கீப் எ சீக்ரெட், கீப் கொயட் எல்லாம் முடிந்தது. கடைசியாக மிஸ் போர்டில் எழுதினார்: 'ஷி டிசைடட் டு கீப் தி பேபி.' குழந்தையை வைத்துக்கொள்ள முடிவு செய்தாள் என்றால் என்ன மிஸ், குழந்தையை எங்கே வைப்பார்கள் என்று ஒருத்தி கேட்டாள். கர்ப்பமான பெண், கருவைக் கலைக்காமல் பெற்றுக்கொள்ள முடிவெடுப்பதை அப்படிச் சொல்வார்கள் என்றார்.

கீப்புக்கு இந்த அர்த்தமும் உண்டாம்.

மார்ச் 21, வியாழன்

எழுத ஒன்றுமில்லை. வெயில் அதிகம்.

மார்ச் 22, வெள்ளி

அவர் வரவில்லை. ஆபீஸில் ஆடிட்டாம்.

எழுதிவிடுவதே நல்லது, இந்த நோட்டை யார் படிக்கப்போகிறார்கள். முதல் தடவை 2009-இல். இரண்டாவது 2012. இரண்டு தடவையும் அவரே கூட வந்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவை ஆரஞ்சு வாங்கி வந்து அவர் கையாலேயே உரித்துக் கொடுத்தார். எத்தனை ஆண்கள் அப்படிச் செய்வார்கள். ஒரு குழந்தை இருந்தால் ஊருக்குத் தெரிந்துவிடும், தெரிந்தால் அந்த அக்கா உயிரோடு இருக்க மாட்டார். ஒரு உயிரைக் கொன்று நாம் பிள்ளை பெற வேண்டுமா வேணி என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தானே. நான்தான் தலையாட்டினேன். யாரும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகவில்லை.

பதினாலு வயது ஒன்று, பதினொன்று ஒன்று இருந்திருக்கும்.

இன்று பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளை நாள் முழுக்க என் இடுப்பை விட்டு இறங்கவில்லை. முதுகு வலிக்கிறது.

மார்ச் 29, வெள்ளி

இரண்டு மணிக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையில் எடுத்த சோறு அப்படியே கீழே விழுந்தது. என்னங்க என்றேன். வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. கண் என்னைப் பார்க்கிறது, பேச்சு வரவில்லை. கீழ்வீட்டு ரோகிணி அக்காவைக் கூப்பிட்டேன், அவர்கள் கதவைத் திறக்கவில்லை. தெருவில் போன ஆட்டோக்காரரும் நானும் தூக்கிக்கொண்டு படியிறங்கினோம். மடியில் அவர் தலை. ஆஸ்பத்திரி போகும்வரை ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டே போனேன்.

வரவேற்பில் இருந்த பெண் ஒரு படிவம் கொடுத்தாள். முழுக்க இங்கிலீஷ். நானே எழுத்துக் கூட்டிப் படித்து நிரப்பினேன். நோயாளிக்கு என்ன உறவு என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. 'ஒய்ஃப்' என்று எழுதினேன். ஸ்பெல்லிங் சரி.

மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். அவர் போனிலிருந்து மூத்த மகன் குருபரனுக்குப் பேசினேன். யார் பேசுறது என்று கேட்டான். சொல்லாமல் ஆஸ்பத்திரி பெயரை மட்டும் சொன்னேன்.

மார்ச் 30, சனி

நேற்று அவருடைய மகன்கள் வரும்போது நான் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்றிருந்தேன். குருபரன் படிவத்தை வாங்கிப் பார்த்தான். நான் எழுதியிருந்ததை இரண்டு கோடு போட்டு அடித்தான். நர்ஸ் என்னைக் காட்டி, அப்போ இவங்க யாருங்க என்று கேட்டாள்.

"எங்கப்பாவோட கீப்பு. உள்ள விடாதீங்க" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஊர் பேரைச் சொல்வது மாதிரி சொன்னான்.

நர்ஸ் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை.

ஏப்ரல் 1, திங்கள்

வகுப்புக்குப் போனேன். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது. முடிந்ததும் மிஸ்ஸிடம் தனியாகக் கேட்டேன், கீப் பெயர்ச்சொல்லாகவும் வருமா என்று. கோட்டையின் நடுவே இருக்கிற கோபுரத்துக்கு அப்படிப் பெயர் உண்டு என்றார். சாப்பாடு, இருக்க இடம் இதற்கும் சொல்வார்களாம், உழைத்துச் சாப்பிடுகிறவன் தன் கீப்பைச் சம்பாதிக்கிறான் என்று. வேறு இல்லையா மிஸ் என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. சின்னப் பெண், கல்யாணம்கூட ஆகவில்லை.

"நம்ம ஊர்லதான் வேற மாதிரி சொல்லுவாங்க ஆன்ட்டி. அது தப்பான யூஸேஜ். நீங்க அதை எழுதாதீங்க" என்றார்.

ஏப்ரல் 4, வியாழன்

வாட்ச்மேன் கேட்டுக்குள்ளேயே விடவில்லை. எதிர் டீக்கடையில் நின்றுவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 5, வெள்ளி

டீக்கடை.

ஏப்ரல் 9, செவ்வாய்

டீக்கடைக்காரர் ஸ்டூல் எடுத்துப் போட்டார். மாடியில் எந்த ஜன்னல் அவருடையது என்று தெரியவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

ஏப்ரல் 16, செவ்வாய்

இன்று வாட்ச்மேனே கூப்பிட்டு, அவங்க டிஸ்சார்ஜ் ஆகி நாலு நாளாச்சும்மா என்றார். நாலு நாளாக யாரோ ஒருவருடைய ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஏப்ரல் 27, சனி

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

காலை பதினோரு மணிக்கு வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் குருபரன். மேலே வந்தான். நின்றபடியே பேசினான். அப்பாவுக்கு வலது பக்கம் சுத்தமாக வரவில்லை, பேச்சும் இல்லை, எத்தனை வருடம் ஆகும் என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லையாம். அவனும் தம்பியும் வேலைக்குப் போகிறவர்கள். மருமகள்களுக்கு அருவருப்பு.

"நீங்கதான் அவருக்குப் பழகினவங்க. நீங்களே வச்சுக்கங்க" என்றான்.

முதல் முறையாக என்னை நீங்க என்றான்.

உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இனிமேல் செவ்வாய், வெள்ளி என்று இல்லை. ஓடிப்போய்க் கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டேன். புதுப் போர்வை எடுத்து உதறினேன். ஸ்ரீரங்கம் வேலையைப் பற்றி நினைவு வந்தது. போனால் போகிறது என்று அதையும் மனதுக்குள் முடித்துவிட்டேன்.

அப்போது படியில் யாரோ ஏறி வருகிற சத்தம். ஒரு கையில் பெரியவர்களுக்கான டயாப்பர் மூட்டை, இன்னொரு கையில் சுருட்டிய தண்ணீர்ப் படுக்கை. நல்ல உயரம், நல்ல உடம்பு. இருபத்திரண்டு படியையும் ஒரே மூச்சில் ஏறி வந்து இரண்டையும் தரையில் வைத்தார். கோயில் விழாவில் ஒரு தடவை தூரத்தில் பார்த்திருக்கிறேன். தெய்வநாயகி.

"அக்கா, நீங்க ஏன் படி ஏறுறீங்க. உக்காருங்க. உங்க ஹார்ட்டுக்கு ஆகாது" என்றேன்.

"என் ஹார்ட்டுக்கு என்ன?"

"ஓட்டை இருக்குன்னு…"

"எனக்கு ஒண்ணும் கெடையாது. தலைவலி மாத்திரைகூட வாங்கினதில்ல. யார் சொன்னது, அவரா?"

எங்கள் விஷயம் தெரிந்தால் உங்கள் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னாராமே என்றேன்.

"உன் விஷயம் எனக்கு மொத வருஷமே தெரியும். எனக்குத் தெரியும்னு அவருக்கும் தெரியும். அதப் பத்தி நாங்க ஒரு வார்த்தை பேசினதில்ல, அவ்வளவுதான்" என்றார். பிறகு, அப்படியா சொல்லிவச்சிருந்தார் என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

நான் கீழே இறங்கிப் போனேன். ஆம்புலன்ஸின் பின்கதவு திறந்திருந்தது. ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். தாடி வளர்ந்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது, இடது கையைத் தூக்கினார். அவரிடம் கேட்க எனக்கு ஒன்றே ஒன்று இருந்தது. கேட்டாலும் அவர் பதில் சொல்ல முடியாது. அந்த வசதியும் அவருக்கே கிடைத்துவிட்டது. இறங்கிவிட்டேன்.

"கொண்டு போயிடுங்க. என்னால வச்சுக்க முடியாது" என்றேன்.

குருபரன் என்னென்னவோ சொன்னான். பதினேழு வருடத்தைச் சொன்னான். நான் மேலே போய் டயாப்பர் மூட்டையையும் படுக்கையையும் தூக்கி வந்து வண்டிக்குள் வைத்தேன். தெய்வநாயகி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். தெருவே வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 28, ஞாயிறு

தண்ணீர் பிடிக்கப் போனேன். நவராத்திரிக்கு ஒரு வருடம்கூட என்னை வீட்டுக்குள் கூப்பிடாத ரோகிணி அக்கா, குழாயடியில் எல்லோர் காதிலும் விழும்படிச் சொன்னார்கள்: "கட்டின புருஷன் படுத்துட்டான்னா இப்படியா வாசல்ல வச்சுத் திருப்பி அனுப்புவா ஒருத்தி?"

பதினேழு வருடத்தில் அவரை என் புருஷன் என்று இந்தத் தெரு சொன்னது நேற்றுக்குப் பிறகுதான்.

மே 8, புதன்

கலாவதி மேடம் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். பெற்றோர் சிலர் வந்து பேசினார்களாம். நோயாளியை நடுத்தெருவில் விட்டவளிடம் எப்படிப் பிள்ளையை விடுவது என்று ஒருத்தர். முதலில் அவள் யார், கல்யாணம் ஆனவளா என்று இன்னொருத்தர்.

"நீங்க ஆயாவா இருக்கிற வரைக்கும் யாரும் எதுவும் கேக்கல வேணிம்மா. மிஸ்னா கேப்பாங்க. என் நெலமையைப் புரிஞ்சுக்கங்க" என்றார். இங்கேயே பழைய வேலையில் இருக்கலாமாம். அதற்கு ஒன்றும் தடையில்லையாம்.

புரிகிறது மேடம் என்றேன். இதை இங்கிலீஷில் சொன்னேன். 'ஐ அண்டர்ஸ்டாண்ட், மேடம்.' நல்லா பேசறீங்களே என்றார்.

ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்துவிட்டது. ஸ்ரீரங்கத்துக்கு இருபத்திரண்டு வயதில் ஒரு பெண் போயிருக்கிறாள். எனக்குப் புதிதாகப் பதினெட்டுப் பிள்ளைகள். பத்துப் பேர் நாள் முழுக்க அழுதார்கள்.

ஜூன் 18, செவ்வாய்

தெரியாத நம்பரிலிருந்து போன். தெய்வநாயகி. என் நம்பரைச் சிதம்பரநாதன் போனிலிருந்து எடுத்தாராம். 'டயர் கடை' என்று போட்டு வைத்திருந்தாராம்.

அவரை மணப்பாறை ரோட்டில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிட்டார்களாம். மூன்று வாரம் ஆகிறதாம். ஏன் அக்கா என்னிடம் சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

"அன்னைக்கு நீ முடியாதுன்னு சொன்னப்ப எனக்கு ஆத்திரமா வந்துச்சு. வீட்டுக்கு வந்து ஒரு மாசம் அள்ளிக் கொட்டினேன். அப்புறம்தான் தோணுச்சு, அந்த வார்த்தைய நான் ஒரு நாள்கூட சொன்னதில்லையேன்னு. பசங்களைக் கூப்பிட்டுச் சொல்லிட்டேன். சொன்னப்புறம் தூக்கம் வருது" என்றார்.

அதோடு போனை வைத்துவிட்டார். சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 14, ஞாயிறு

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். காலையில் குளித்துவிட்டுப் பார்த்தால் புடவை கட்டிக்கொண்டிருக்கிறேன்.

பஸ் ஸ்டாப் அந்த இல்லத்துக்கு எதிரிலேயே இருந்தது. வாசலில் இருந்த அம்மாள், அவரைப் பார்க்கவா என்று ஆச்சரியப்பட்டார். சேர்த்த நாளிலிருந்து அவரைப் பார்க்க ஒருவரும் வரவில்லையாம். இப்போது ஒன்றிரண்டு வார்த்தை பேசுகிறார், ஆனால் ஆளைத்தான் மாற்றி மாற்றிச் சொல்கிறார் என்றார்.

தாழ்வாரத்தில் சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். வெயில் நகர்ந்து முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். யாரும் திருப்பி வைக்கவில்லை. நான் நாற்காலியைத் தூணுக்குப் பின்னால் நிழலில் தள்ளி நிறுத்தினேன். முந்தானையால் வாயோரம் வழிந்ததைத் துடைத்தேன். இளைத்துப் போயிருந்தார். சட்டை வேறு யாருடையதோ.

கண்ணைத் திறந்து பார்த்தார். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தெய்வா" என்றார்.

நான் யாரென்று சொல்ல வாய் வரை வந்தது.

"என்னங்க" என்றேன்.

"வீட்டுக்கு… போலாம்."

பக்கத்தில் இருந்த கிழவர் ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

"போலாங்க. இங்கயே இருங்க. நான் போய் ஆட்டோ கூட்டிட்டு வரேன்" என்றேன்.

சரி என்று தலையாட்டினார். நம்பிவிட்டார். முகம் தெளிந்துவிட்டது.

கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்தேன். ஆட்டோ ஒன்று காலியாகத்தான் நின்றது. பின்னால் திருச்சி பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.